சதுப்பில் புதைத்த வெண்ணெய்

கடல் கடந்து நாங்கள் தஞ்சமடைந்த லூவேன் நகரத்து வாடகை அறையில், மதிய வெயில் மேசைமேல் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு விழுந்திருக்கிறது. அதன் நடுவே ஃபெலிம் ஒரு மரப்பீப்பாயை வைக்கிறான். எங்கள் சீமாட்டி ஃபின்வலாவோடு ஒரே தாதியிடம் பால் குடித்த தம்பி அவன். அயர்லாந்திலிருந்து இன்றுதான் வந்திருக்கிறான். ஏழு வருடத்துக்கு முன் நாட்டைவிட்டு ஓடிவரும்போது, எங்கள் வழக்கப்படி, கெடாமலிருக்க, தன் சதுப்பு நிலத்தில் அவள் புதைத்த வெண்ணெய் அது. திரும்பிப் போய்த் தானே தோண்டுவதாக இருந்தாள். மூடியைத் திறந்ததும் மூன்று தெரு தள்ளியிருக்கும் தேவாலய மணி தானாக ஒருமுறை அடிக்கிறது. அவளோடு ஓடிவந்த பழைய வேலையாள் நான்; பொய் சொல்லும் வயதா எனக்கு? அவள் மட்டும் கண்மூடி முகர்கிறாள். “நெலத்தையெல்லாம் இங்கிலீஷ்காரன் புடுங்கிட்டான், காவல் போட்டிருக்கான்னு எழுதினியேடா. எப்படித் தோண்டினே?” “என் நெலத்துல நான் தோண்டினா எவன் தடுப்பான்க்கா?” சொன்ன வாய் திறந்தபடியே நிற்கிறது. வந்தவனைப் பட்டினி போடும் வழக்கம் எங்களில் கிடையாது. ரொட்டியை அறுத்து, வெண்ணெயைக் கனமாகத் தடவி, அவன் முன்னால் நகர்த்துகிறாள். “சாப்பிடு. உன்னோடதுதானே.” அவள் காலடியைவிட்டு அசையாத கிழட்டு வேட்டைநாய் எழுந்து, மோப்பம் பிடித்துப் போய், அவன் காலணிமேல் தலைவைத்துப் படுத்துக்கொள்கிறது. எங்கள் ஊர்ச் சேறு அதில்தான் ஒட்டியிருக்கிறது.