வெள்ளைப் பட்டை

மக்களாட்சி தன் முழுப் பொலிவோடு எழுந்தருளும் இடம் நாடாளுமன்றம் அல்ல. நூலகத்து மாடி அறை.

அன்று அது எழுந்தருளியபோது மின்விசிறி ஓடவில்லை. பிஸ்கட் முன்வரிசையோடு தீர்ந்துபோனது.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். எப்படி என்பதை மக்களே முடிவு செய்வார்கள் என்றது பேனர். ‘மக்களே’ மட்டும் சிவப்பு எழுத்தில்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த திட்ட அதிகாரி மேசைமேல் ஒரு மரத்தட்டை வைத்தார். தட்டின் அகலம்தான் புதிய சாலையின் அகலம். பக்கத்தில் அட்டைப் பட்டைகள். வண்டிகள் ஓடக் கறுப்பு, பேருந்துக்கு நீலம், வண்டி நிறுத்த மஞ்சள், நடைபாதைக்கு வெள்ளை. யாரும் எதையும் அடுக்கலாம். தட்டுக்குள் அடங்காவிட்டால் வெட்டிக்கொள்ள ஒரு கத்தரிக்கோல்.

“இது உங்க ரோடு. நீங்களே போடுங்க.”

“நாங்களே போட்டுக்கிட்டா நீங்க எதுக்கு சார்?” என்றது பின்வரிசை.

அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். இந்தக் கேள்விக்குச் சிரிக்கும்படி பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல.

முதலில் எழுந்து வந்தவர் டீச்சரம்மா. இந்தக் கூட்டம் நடப்பதே அவரால்தான். போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் கல்லூரி விட்டு இந்தச் சாலையில் நடந்து வந்தாள். நடைபாதை என்று ஒன்று கிடையாது. ஒரு கடை வாசலில் சாமான்கள் கிடந்தன. அவற்றைச் சுற்றிப்போகச் சாலையில் இறங்கினாள். பின்னால் லாரி.

அன்றிலிருந்து டீச்சரம்மா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கிற அகலத்தில் ஒரு நடைபாதை.

வெள்ளைப் பட்டையை எடுத்துத் தட்டில் வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, சத்தம் வராமல் வைத்தார்.

அதிகாரி நெகிழ்ந்துபோய் எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். நின்றார்கள். பாதியில் யாருடைய கைபேசியோ பாட ஆரம்பித்தது. மீதி மௌனத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு நோயாளிகள் வண்டி நிறுத்த இடம் வேண்டும். “தப்பா நெனைக்காதீங்க டீச்சர்” என்று வெள்ளையில் ஒரு விரல் அகலம் எடுத்தார். பேருந்து ஓட்டுநருக்குத் திருப்பத்தில் இடம் போதாது. “மன்னிச்சுக்கங்கக்கா” என்று இன்னொரு விரல். அழகுநிலையக்காரி டீச்சரம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்; அழுது முடித்து அவளும் வெட்டினாள்.

ஆளுக்கொரு மன்னிப்பு, ஆளுக்கொரு விரல். ஒருவர்கூடக் கறுப்பில் கை வைக்கவில்லை.

டீச்சரம்மா மீதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒருவர் நடக்கலாம். கொஞ்சம் ஒல்லியான ஒருவர்.

கடைசியில், அதுவரை சுவரோரம் நின்றிருந்த இரும்புக்கடைக்காரர் வந்தார். சரக்கு இறக்க அவருக்கும் இடம் வேண்டுமாம். குரல் மேசைவரைக்கும்கூட எட்டவில்லை.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க சார்,” என்றார் அதிகாரி.

அறை அடங்கியது. மௌன அஞ்சலிக்குக்கூட இப்படி அடங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் காலி பிஸ்கட் உறையை எடுத்து உன்னிப்பாகப் படித்தார்.

இரும்புக்கடைக்காரர் தட்டைப் பார்த்தே பேசினார். “நடைபாதை இருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? அந்த லாரிக்காரன் குடிச்சிருந்தான்.”

பிறகு தலையை நிமிர்த்தி டீச்சரம்மாவைப் பார்த்தார்.

“குடிச்சிருந்தான்ல?” இப்போது அது கேள்வியாக இருந்தது.

டீச்சரம்மாவிடம் அதற்கும் பதில் இருந்தது. லாரி ஓட்டுநரைச் சோதித்த மருத்துவர், அவன் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை என்று சொன்னது அவருக்கு வரிக்கு வரி மனப்பாடம். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று அதைச் சொல்லியிருக்கிறார்.

“ஆமா,” என்றார். “குடிச்சிருந்தான்.”

இரும்புக்கடைக்காரர் மூச்சை விட்டார். கத்தரிக்கோலை எடுத்தார். அது அட்டையில் பதியவில்லை. இரண்டு முறை வழுக்கியது.

டீச்சரம்மா வெள்ளைப் பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“நேரா வெட்டுங்க.”

வெட்டினார்.

மிச்சமிருந்தது தலையில் கட்டுகிற ரிப்பன் அகலம். எல்லாப் பட்டைகளும் தட்டுக்குள் கச்சிதமாக அடங்கின. திட்டம் ஒருமனதாக முடிவானதென்று அதிகாரி அறிவித்தார். கைதட்டினார்கள். தட்டைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். டீச்சரம்மாவை நடுவில் நிற்கச் சொன்னார்கள், நின்றார்.

கீழே இரும்புக்கடைக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார். டீச்சரம்மா பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

அன்றைக்கு மகள் இறங்கிச் சுற்றிப்போனது, அப்பா கடை வாசலில் போட்டிருந்த குழாய்களை.