எதிர்வீட்டுப் பவுனம்மாள்

எத்திராஜ் திருடனாக இருந்தது அந்தக் காலனிக்கே தெரியும். சொந்தத் தெருவில் அவர் கை வைத்ததில்லை. அங்கே குடமோ சைக்கிளோ காணாமல் போனால் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். எடுத்தவனைப் பிடித்து, இருட்டுவதற்குள் வாங்கிக் கொடுத்துவிடுவார். அவர் சிறையில் இருந்த நாட்களில் மகன் லோகேஷுக்குச் சோறு போட்டவள் எதிர்வீட்டுப் பவுனம்மாள்.

இன்று அவள் அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"பேங்குலேர்ந்து பேசறேன்னாண்ணா. அம்மா அம்மான்னு அவ்ளோ மரியாதையா கேட்டான், நம்பரச் சொல்லிட்டேன். அவரு செத்தப்ப மில்லுல குடுத்த துட்டு மொத்தமும் பூடுச்சு. தெரிஞ்சவனா இருந்தா கேட்டு வாங்கிக் குடுண்ணா."

"இப்ப எவன் எங்க குந்திக்கினு எடுக்கறான்னே தெர்லியே பவுனு."

அப்போது சாத்தியிருந்த உள்ளறையிலிருந்து லோகேஷின் குரல் கேட்டது. ஃபோனில் ஏதோ கம்பெனி வேலை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

"பயப்படாதீங்கம்மா. மெசேஜ்ல வந்த நம்பர மட்டும் சொல்லுங்கம்மா."

பவுனம்மாளின் அழுகை நின்றது. எத்திராஜின் முகத்தைப் பார்க்காமல், "நான் வரேண்ணா" என்று திரும்பினாள்.

"நில்லு" என்றார் எத்திராஜ். எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார்.

"லோகேசு, வெளிய வா. அத்த வந்துருக்குது."

உள்ளே பேச்சு நின்றது. இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.