எதிர்க்கடை

"எதிர்க்கடையோட நான் சேரணுமா? செத்தாலும் நடக்காது, டீச்சரம்மா!"

கையிலிருந்த ஸ்பேனரைத் தகர டப்பாவுக்குள் விட்டெறிந்தார் சைக்கிள் கடைக்காரர்.

அந்த டீச்சரம்மாவுக்கு வயது இருபத்திரண்டு. வணிகப் படிப்பில் கடைசி வருடம். சின்னக் கடைக்காரர்களுக்குத் தொழில் நடத்தச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று விமானம் ஏறி இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரமாகிவிட்டது. நாளைக் காலை ஊர் திரும்ப வேண்டும்.

அவள் சொன்னதால்தான் அவர் ஏழு மணிக்கே கடை திறந்தார். பஞ்சர் ஒட்டும்வரை ஆட்கள் உட்கார ஒரு பெஞ்சும் போட்டார். மறுநாளே எதிர்க்கடை அக்கா இரண்டு பெஞ்சு போட்டுவிட்டார். அதுவும் சைக்கிள் கடைதான். அந்த அக்காவுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு மாணவன் வந்திருந்தான், இவளுடைய வகுப்புத் தோழன்.

இரண்டு கடைக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை.

"அந்த ஆள் கை வெச்ச பிரேக்கா? சாமிய வேண்டிக்கிட்டுதான் ஏறணும்!"

"அவ மாட்டுற செயினு தெருமுனை வரைக்கும் தாங்காது!"

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்தத் தெருமுனையில் கண்ணாடி பதித்த பெரிய சைக்கிள் ஷோரூம் எழும்பும்வரை.

"அடுத்த மாசம் திறக்கறாங்க அண்ணா. டயரை நூறு நூறா வாங்குவாங்க. நீங்க பத்து வாங்கி எப்படித் தாக்குப்பிடிப்பீங்க? நீங்களும் அக்காவும் ஒரே கடையா ஆயிடுங்க. நான் போன பிறகு உங்க ஷட்டர் மூடிக் கிடக்குன்னு கேள்விப்பட்டா என்னால தாங்க முடியாது."

அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். எதிரே தோழனும் இதையே சொல்லியிருப்பான் போல. அந்த அக்கா விருட்டென்று எழுந்து நடுத்தெருவுக்கு வந்தார். இவரும் இறங்கிப் போனார். இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அடிதடியாகிவிடுமோ என்று அவள் கடை வாசலுக்கே வந்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தார். "சரி. டயரு, டியூபு, செயினு எல்லாம் இனிமே சேர்ந்தே வாங்குறோம். எவ்வளவு பெரிய கடைக்காரன் வந்தாலும் ஒரு கை பார்த்துடலாம்."

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் படித்த படிப்பு சும்மா விடுமா?

"அப்படியே கடையையும் ஒண்ணாக்கிட்டா..."

"அது மட்டும் ஆகாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் பயிற்சின்னு விண்ணப்பத்துல போட்டிருந்துச்சு. அதான் உங்ககிட்ட மறைச்சுட்டோம், மன்னிச்சுக்கோங்க. நான் அவளைக் கட்டிக்கிட்டுப் பதினாலு வருஷம் ஆச்சும்மா. நடுவுல இந்தத் தெரு ஒண்ணு இருக்கறதாலதான் எங்க குடும்பமே ஓடுது!"