ஒரு மிடறு ஒயின்

ஒன்பது வருஷம் பீப்பாய்க்குள் கிடந்த ஒயினுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அதைப் பக்குவம் செய்த சூசைமாணிக்கம் தினமும் பீப்பாயைத் தட்டிக்கொடுத்துச் சொன்ன ஆசை அது: "யாராவது ஒருத்தர் நெஞ்சுல நீ இதமா இறங்கணும். அது போதும் எனக்கு."

அந்த நாளும் வந்தது. ஒயின் போட்டியில், ருசி பார்ப்பதில் பேர்போன நடுவர் ஒருவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். "அடடா, இதைச் செஞ்ச மனுஷன் உசிரையே இதுல ஊத்தியிருக்கார்!" என்று சொல்லி ஒரு வாய் எடுத்தார்.

ஒயின் அவர் நாக்கில் புரண்டது. தொண்டை இதோ எதிரிலேயே தெரிந்தது. இறங்கிவிடலாம் என்று அது கிளம்பியபோது, அவர் திரும்பிப் புளிச்சென்று துப்பினார்.

"வா வா," என்றது கீழே இருந்த எச்சில் படிக்கம்.

"என்னை அவருக்குப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. முதல் பரிசே உனக்குத்தானாம்."

"அப்போ பிடிக்காததை என்ன செய்வார்?"

"அதுமேலதான் நீ இப்போ விழுந்து கிடக்கே."

அடுத்த புட்டியைத் தொடுவதற்கு முன், இந்த ஒயினின் ருசி துளிகூட மிஞ்சாதபடி அவர் வாயைக் கொப்பளித்தார். அந்தத் தண்ணீரும் அதன் தலையில்தான் விழுந்தது.