பலகைக்குள் இருந்த பூனை

இருட்டியதும் "ர்ர்ர்ங்" என்று ஒரு சத்தம். குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு, அந்தோணியாரைக் கூப்பிட்டபடியே எட்டிப்பார்த்தேன். நான் அப்படியொரு வீர எலி. கணினி சொல்கிறபடி செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் ஊசி, மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி செய்யுறே?" என்று இயந்திரத்தைக் கேட்டேன்.

"போட்டோ செதுக்குறேன் அக்கா."

பலகையில் வெறும் மேடும் பள்ளமும்தான். "அம்மைத் தழும்பு மாதிரி இருக்கு, இதுவா போட்டோ!" என்று சிரித்து, குட்டிகளையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிவந்தேன்.

"பின்னாடி வெளிச்சம் வரட்டும்க்கா."

பலகைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. பள்ளங்கள் ஒளிர, மேடுகள் கறுக்க, மீசையோடு ஒரு பூனை எங்களையே பார்த்தது.

குட்டிகள் வளைக்குள் பறந்து கதவைச் சாத்திக்கொண்டன. நானும் பின்னாலேயே ஓடிப்போய் வளைக்கதவைத் தட்டினேன். "அம்மாடா, திற!"

"திறக்காதே! பூனை வந்து அம்மா குரல்லயே கூப்பிடும்னு அம்மாதானே சொன்னாங்க," என்றான் மூத்தவன்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.