விலகல் கடிதம்

பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பத்துக் குழந்தைகள் லத்தீன் வேற்றுமை உருபுகளை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தம் மகன் எவரெட்டைப் பள்ளியிலிருந்து விலக்கி, வீட்டிலேயே பழைய முறையில் படிக்கவைக்க விரும்பிய வெர்லீன், ஒவ்வொரு குழந்தையின் நோட்டையும் புரட்டிப் பார்த்தார்.

“திருத்தாம விட்ட பிழை ஒண்ணுகூட இல்லையே! கைபேசி?”

“அதெல்லாம் வாசலோட சரி,” என்றார் அந்த வீட்டுக்கல்விக் குழுவின் தலைவி டெல்ஃபின். “நாலு நாள் வீட்டுல நீங்க சொல்லிக்குடுக்கணும். செவ்வாய்க்கிழமை எல்லாரும் இங்க சேர்ந்து படிப்பாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தர் கூடவே உக்காரணும்.”

“அவனோட அப்பா உக்காருவார். பள்ளிக்கூடத்துல முப்பது பேருக்கு ஒரு டீச்சர். எட்டு வயசாகியும் அவனுக்கு ஒரு வாக்கியம் ஒழுங்கா எழுத வரல. இங்கயே சேத்துடறேன்.”

“அப்ப அந்தப் பள்ளி முதல்வருக்கு விலகல் கடிதம் எழுதுங்க. ஆனா ஜாக்கிரதை! அந்த அம்மா பொல்லாதவங்க. ‘பிள்ளையைப் பாழாக்காதீர்கள்’னு மூணு பக்கம் பதில் எழுதுவாங்களாம். அதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் பிள்ளையத் திரும்ப அங்கயே கொண்டுபோய் விட்டுட்டாங்க. நீங்களும் பயந்துடாதீங்க!”

வெர்லீனின் முகம் சிவந்தது. “அவ்வளவு மோசமாவா எழுதறாங்க?”

“ஒரு பிழை இல்லாம எழுதறாங்க. அதான் கடுப்பு!”

மறுநாள் காலை, பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஓர் உறையை நீட்டினார்.

“இன்னொரு விலகல் கடிதம், மேடம். வழக்கமான பதிலை அனுப்பிடவா?”

“வேண்டாம். பெத்தவங்க நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருப்பாங்க.”

உறையைப் பிரித்து, தாய் வெர்லீன் கையெழுத்திட்டிருந்த இடத்திற்குக் கீழே, ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார், முதல்வர் வெர்லீன்.