நடு மடு

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் வேண்டாம், கண்மாய் மீன்பிடித் திருவிழாவுக்குப் போகலாம் என்று குலசேகர் சொன்னதுமே வாசுகிக்கு உறுத்தியது. மீன் வாடையே ஆகாத மனிதர். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்றவர், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் ஊத்தா வேறு வாங்கி வந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் அந்த ஊர் விடுதிக்காரருக்கு ஃபோன் போட்டாள். கணவர் பேரைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"அந்த சாரையா சொல்றீங்க? சித்திரை பொறந்தா தனியா வந்து நிப்பாரேம்மா. தண்ணிக்குள்ள இறங்க மாட்டாரு. நடுவுல ஆழமா இருக்கற மடு வத்திருச்சான்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருவாரு. இந்த வருசம் அதுவும் முழங்கால் அளவுக்கு வத்திப்போச்சு. ஞாயித்துக்கிழமை வெள்ளைத் துணி வீசுனதும் ஊரே உள்ள இறங்கிரும்."

சோறு போடும்போது வாசுகி சாதாரணமாகச் சொன்னாள். "மடு வத்திருச்சாம்."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. எந்த மடு என்று அவர் கேட்கவில்லை.

"துணி வீசுறதுக்கு முந்தியே போயிறணும்."

"அதுக்கு முன்னாடி யாரும் இறங்கக் கூடாதாமே?"

எழுந்து கை கழுவினார். காரில் சாமான்களை ஏற்றினார். புது ஊத்தா வாசலிலேயே கிடந்தது. டிக்கிக்குள் மண்வெட்டி போனது.